வைர ஊசியும் பக்கத்து வீட்டுத் தளமும்

சில வருடங்களுக்கு முன்னால், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காரைக்காலில் எனக்கு நடந்தது இது. நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் இருப்பதால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிட முடியும் என்று நினைக்கிறேன். யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. பெயர் வர வேண்டும் என்று அவர்கள் யாரும் எதையும் செய்யவில்லை.

நான் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. இரண்டாவது குழந்தை பிறந்தபோது பாதியில் விட்ட முனைவர் பட்ட ஆராய்ச்சியை, நாற்பது வயதுக்குப் பிறகு ஊரிலேயே ஒரு பொறியியல் கல்லூரியில் பகுதி நேரமாக மறுபடி தொடங்கியிருந்தேன். பகுதி நேரம் என்றால் சனி, ஞாயிறு, கோடை விடுமுறை, கிறிஸ்துமஸ் விடுமுறை எல்லாம்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் "அம்மா எங்கே?" என்று கேட்டால் என் மகள், "சுரண்டப் போயிருக்காங்க" என்பாள். அவள் சொன்னதில் தப்பில்லை. என் ஆராய்ச்சியே சுரண்டுவதுதான்.

இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று உரசினால் தேயும். அந்தப் பரப்பின் மேல் மிக நுண்ணிய வரிகளைக் கீறிவிட்டால் எண்ணெய் அந்த வரிகளுக்குள் தங்கும், தேய்மானம் குறையும். எவ்வளவு ஆழம் கீற வேண்டும், எவ்வளவு நெருக்கமாகக் கீற வேண்டும் என்பதுதான் என் கேள்வி. வரி என்றதும் கண்ணுக்குத் தெரிகிற வரி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தலைமுடியின் தடிமனை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு அகலம் இருக்கும்.

இதைக் கீறுகிற கருவி ஒரு நுண்ணோக்கி. பெயர்தான் நுண்ணோக்கி, கண்ணை வைத்துப் பார்க்க அதில் ஒன்றும் கிடையாது. மின்சாரம் போன இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போய் மெழுகுவத்தி இருக்கும் மாடத்தைக் கண்டுபிடிக்கிறோமே, அந்த மாதிரி, மெல்லிய சிலிக்கான் பட்டை ஒன்றின் நுனியில் இருக்கும் ஊசி பரப்பைத் தடவிக்கொண்டு போகும். மேடும் பள்ளமும் கணினித் திரையில் படமாக விரியும். லேசாகத் தடவினால் படம். அழுத்தி இழுத்தால் கீறல். ஆனால் சாதாரண ஊசியால் கடினமான பரப்பைக் கீறினால் நாலைந்து வரிக்குள் முனை மழுங்கிவிடும். அதனால் கீறுவதற்கென்றே வைரப் பூச்சு பூசிய ஊசிகள் உண்டு. பூச்சு ஏறுவதால் முனை கொஞ்சம் பருத்துவிடும். சாதாரண ஊசி அளவுக்கு நுட்பமாகப் படம் எடுக்க அதனால் முடியாது. ஆனால் தேயாது, அதுதான் அதன் குணம். அதற்கும் ஒரு பயம் உண்டு. கீறிக்கொண்டிருக்கும்போது ஒரு பலமான அதிர்ச்சி பட்டால் முனை அப்படியே தெறித்துவிடும்.

என் ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர் ஒருவர், கடைசி அத்தியாயத்தில் உள்ள ஒரு தொகுதி வரிகளை அதே கருவியில், அதே அழுத்தத்தில், ஒரே மூச்சில் மறுபடி கீறிக் காட்டும்படி எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குக் கொடுத்திருந்த கடைசி நீட்டிப்பு அந்த மாதத்தோடு முடிந்தது. அதற்குள் திருத்தி அனுப்பாவிட்டால் பதிவே ரத்தாகிவிடும், ஏழு வருட ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடும். இதற்கு நடுவில் கருவியைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குச் சென்னையிலிருந்து பொறியாளர் வந்து கழற்றத் தொடங்குவார், திங்கட்கிழமை காலை வண்டி வரும். மறுபடி நிறுத்தி, சரிபார்த்து, ஓட விட மாதக்கணக்கில் ஆகும். என்னிடமோ வைர ஊசி தீர்ந்து போயிருந்தது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பெட்டி வரவே இல்லை. கோயம்புத்தூரில் எனக்கு அறிமுகமான ஓர் ஆராய்ச்சியாளர் தன் பெட்டியிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து கூரியரில் அனுப்பினார். அது சனிக்கிழமை மாலைதான் கைக்கு வந்தது.

ஆக, ஒரே ஊசி, ஒரே பகல்.

ஞாயிற்றுக்கிழமையாக அமைந்ததில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். வகுப்பு கிடையாது. தாழ்வாரத்தில் யாரும் நடக்க மாட்டார்கள். கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குப் போகிற நிலக்கரி லாரிகளும் குறைவு. அந்தக் கருவிக்கு அதிர்வு ஆகவே ஆகாது. காற்று அடைத்த கால்கள் வைத்த மேசையில்தான் அது உட்கார்ந்திருக்கும். சின்ன அதிர்வுகளை மேசை விழுங்கிவிடும், பெரியதை விழுங்காது. வார நாட்களில் ரோட்டில் லாரி போனால், திரையைப் பார்த்தே அது லோடு லாரியா, காலி லாரியா என்று எங்களால் சொல்ல முடியும்.

முதல் பூசை பார்த்துவிட்டு, கோயிலிலிருந்து நேராக ஸ்கூட்டரில் போனேன். கருவியை இயக்குகிற பெண் எனக்கு முன்னாலேயே வந்து அறையைக் குளிர வைத்திருந்தாள். மண்டபத்தூர் மீனவக் குடும்பத்துப் பெண், முப்பது வயதிருக்கும். வேலையில் கெட்டி. பேச்சு குறைவு, பேசினால் குத்தலாகத்தான் இருக்கும். அவளுக்கும் அது விடுமுறை நாள். நான் கேட்டதற்காக வந்திருந்தாள்.

முதலில் சாதாரண ஊசியைப் போட்டு, கீறப் போகும் இடம் எப்படி இருக்கிறது என்று படம் எடுத்தோம். திரையில் படம் மேலிருந்து கீழாக விரிய விரிய எனக்குப் படபடப்பு ஏறியது. பரப்பு முழுவதும் அலை அலையாக, ஒரே சீரான இடைவெளியில், கோலப்பொடியில் விரலை இழுத்த மாதிரி வரிகள்.

"பாத்தியா? பூச்சு படியும்போதே இப்படி அலையாப் படிஞ்சிருக்கு. இதை இதுவரைக்கும் யாருமே எழுதலை!" என்றேன்.

அவள் ஊசி நகரும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். திரையில் அலைகள் நெருக்கமாயின. இன்னும் குறைத்தாள். இன்னும் நெருங்கின.

"பரப்புல இருக்கற அலைன்னா, நாம வேகத்தை மாத்துனா அது எப்படி மேடம் நகரும்?"

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். குளிர்சாதன இரைச்சலில் அதுவரை காதில் விழாத சத்தம் உள்ளே வந்தது. கடகடவென்று உருளும் சத்தம்.

"நீங்க கண்டுபிடிச்சது கலவை மிஷின் மேடம்" என்றாள்.

கல்லூரியின் பின்பக்கத்துச் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அங்கே கூரைத் தளம் போடுகிறார்கள். மிஷின் கலவையைக் கொட்ட, சித்தாள் பெண்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே ஒரு ஆள், குழாய் மாதிரி நீண்ட வைப்ரேட்டரை ஈரக் கான்கிரீட்டுக்குள் சொருகிச் சொருகி எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கும் தளம் போட்டிருக்கிறோம், எனக்குத் தெரியும். விடியற்காலை தொடங்கினால் சாயங்காலம் வரை போகும், நடுவில் நிறுத்த மாட்டார்கள். நானும் ஒருமுறை கீற ஆரம்பித்தால் பாதியில் விட்டுவிட முடியாது. இரண்டும் ஒரே நாளில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக!

கால் போனபோக்கில் அங்கே போய் நின்றேன். நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று போனேனா, வெறுமனே பார்க்கப் போனேனா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் கைலியும் பனியனுமாக, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சிமெண்டு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சர், காலேஜ்லேர்ந்தா? சத்தம் தொந்தரவா இருக்கா?" என்றார்.

"இல்லீங்க, சும்மாதான். தளம் போடுறீங்களா?"

"ஆமாங்க. சவுதிலேர்ந்து லீவுல வந்தேன். புதன்கிழமை கிளம்பணும். இந்த லீவுல தளம் போட்டாத்தான் அடுத்த லீவுல இன்ஷா அல்லாஹ் குடி வர முடியும்" என்று சொல்லிவிட்டு மேற்கே வானத்தைப் பார்த்தார். அங்கே மப்பு போட்டிருந்தது.

இதைக் கேட்ட பிறகு என்னவென்று கேட்பது? "நல்லபடியா முடியட்டுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவர் விடவில்லை.

"டீச்சர், இவ்வளவு தூரம் வந்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போறீங்களே. என்ன விஷயம், சொல்லுங்க."

சொன்னேன். சொல்லச் சொல்ல, எனக்கே அது எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று பட்டது. சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்த சித்தாள் ஒருவர், விழிதியூரிலிருந்து வருகிறவராம், காதில் வாங்கிக்கொண்டே இருந்தார்.

"கண்ணுக்கே தெரியாத கோடு போடவாங்க இம்புட்டுப் பாடு? எங்க வீட்டுக்காரரும் அப்படித்தாங்க. கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஒரு வேலையும் இதுவரைக்கும் செஞ்சதில்லை" என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "காட்டுங்க, பாப்போம்" என்றார். மேஸ்திரியையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். மேஸ்திரி ஐம்பது வயதைத் தாண்டியவர். "தளம் போடுற அன்னைக்கு நல்லா இருக்கு, நீங்க என்னையக் கூட்டிக்கிட்டு அலையுறது" என்று வழி முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தார்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். மண்டபத்தூர்ப் பெண் ஊசியை ஒரே இடத்தில் நிறுத்தி, திரையில் ஒரு கோட்டை மட்டும் ஓட விட்டாள். கோடு நெளிந்து நெளிந்து ஓடியது.

"இதுதான் உங்க மிஷின்" என்றேன்.

வீட்டுக்காரர் கைப்பேசியை எடுத்து, மிஷின் பக்கத்தில் நின்ற தன் மச்சானைக் கூப்பிட்டார். "மச்சான், மிஷினை ஆஃப் பண்ணு... அட, பண்ணுங்கறேன்ல." திரையில் நெளிவு சட்டென்று பாதியாகக் குறைந்தது. "இப்ப போடு." மறுபடி நெளிந்தது.

"யா அல்லாஹ்!" என்றார்.

மேஸ்திரியின் முகத்தில் இருந்த கடுப்பு போய்விட்டது. குனிந்து திரையைப் பார்த்தார். "இந்தப் பொடிப் பொடியா பல்லு மாதிரி இருக்கே, அது?"

"அது வைப்ரேட்டருங்க" என்றாள் மண்டபத்தூர்ப் பெண்.

அந்தப் பல் வரிசை சட்டென்று காணாமல் போனது. மேஸ்திரி ஜன்னலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்துக் கத்தினார். "டேய்! என்னடா பீடியப் பத்த வச்சிக்கிட்டு நிக்கிற? நான் இங்கேர்ந்தே பாத்துக்கிட்டு இருக்கேன்!" பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இது ஒண்ணு எனக்கு வேணுங்க. வேலையாளுக்குக் கங்காணியே வேணாம்" என்றார்.

வீட்டுக்காரர் மேசையில் இருந்த சின்னப் பெட்டியைப் பார்த்தார். உள்ளே அந்த வைர ஊசி, பசையில் ஒட்டி வைத்த ஒரு சிலாம்பு மாதிரி இருந்தது.

"இது ஒண்ணுதானா?"

"ஒண்ணுதாங்க."

"இன்னைக்கு விட்டா?"

நாலு மணி, பொறியாளர், மாதக் கடைசி எல்லாவற்றையும் சொன்னேன்.

திரும்பி ஜன்னல் வழியாகத் தன் தளத்தைப் பார்த்தார். "லீவு முடியுறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார். பிறகு, "எவ்வளவு நேரம் வேணும்?"

"அரை மணி. மிஞ்சிப்போனா முக்கால் மணி."

மேஸ்திரி குறுக்கே வந்தார். "பாய், தளத்தை நடுவுல விடக்கூடாது. சாப்பாட்டுக்கே நான் பாதிப் பாதி ஆளாத்தான் அனுப்புறது."

"இன்னைக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடட்டுமே மேஸ்திரி. நான் மதியம் லுஹர் தொழுதுட்டு வந்துடுறேன், அதோட நிறுத்துவோம்."

"மழை வந்துச்சுன்னா?"

"வந்தா பாத்துக்கலாம்."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "முக்கால் மணி தாங்கும். அதுக்கு மேல சொல்ல மாட்டேன்" என்றார். போகும்போது வாசலில் நின்று, "மிஷின் மட்டும் நின்னா போதுங்களா, நாங்க நடக்கலாங்களா?" என்று கேட்டார். நடக்கலாம், கனமான எதையும் கீழே போடாமலும் இழுக்காமலும் இருந்தால் போதும், தெருவில் லாரி வராமல் இருந்தால் நல்லது என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

வைர ஊசியைக் கருவியில் பொருத்த வேண்டும். நுனி வளைந்த இடுக்கியை எடுத்தேன். கை நடுங்கியது. மண்டபத்தூர்ப் பெண் என் கையிலிருந்து இடுக்கியை வாங்கிக்கொண்டாள். "நீங்க கையைக் கட்டிக்கிட்டு அந்தப் பக்கம் நில்லுங்க மேடம்." கட்டிக்கொண்டு நின்றேன்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லி, தொழுகை முடிந்து, கொஞ்ச நேரத்தில் மிஷின் நின்றது. வைப்ரேட்டர் நின்றது. திரையில் கோடு சாய்ந்து, தணிந்து, கடைசியில் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. அந்த அறையில் அவ்வளவு நேரான கோட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதல் வரியை இழுத்தோம். நன்றாக விழுந்தது. அடுத்தது, அடுத்தது. பாதிக்கு வந்தபோது ஒரு வரியின் ஆழம் குறைகிற மாதிரி தெரிந்தது. அறையின் சூடு மாறியதில் ஊசி கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. நிறுத்தி, சரிசெய்து, மறுபடி பரப்பைத் தொட வைத்தோம். அவசரப்பட்டு இறக்கினால் முனை போய்விடும். மெதுவாகத்தான் இறக்க வேண்டும். அதிலேயே நேரம் போய்விட்டது.

முக்கால் மணி தாண்டிவிட்டது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இன்னும் பல வரிகள் பாக்கி இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் முன்னால், இதோ மிஷின் உறுமப் போகிறது, இதோ திரை கலங்கப் போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கோடு நேராகவே ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரி முடிந்து, ஊசி பரப்பை விட்டு மேலே எழும்பியதும் அவள் நாற்காலியில் சாய்ந்து, "ஊசியை எடுத்துட்டேன் மேடம்" என்றாள். அவள் நெற்றி, அவ்வளவு குளிரிலும், வியர்த்திருந்தது.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

அந்தத் தெருவில் நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பந்தலுக்குக் கீழே எல்லோரும் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, கை காய்ந்தும் போய், அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. வெற்றிலை போடுகிறவர் சத்தம் இல்லாமல் மென்றுகொண்டிருந்தார். விழிதியூர்ச் சித்தாள் தன் சட்டியை மடியில் கவிழ்த்து, அதன் மேல் கையை ஊன்றி வைத்திருந்தார். மேஸ்திரி மட்டும் மேலே தளத்தின் விளிம்பில் நின்று கான்கிரீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரு முனையில் ஜல்லி லாரி ஒன்று இன்ஜினை அணைத்துவிட்டு நிற்க, அதற்கு முன்னால் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் கிசுகிசுவென்று கேட்டார். "முடிஞ்சிடுச்சா?"

தலையாட்டினேன்.

"மேஸ்திரி! போடுங்க!"

"ஏ, எந்திரிங்க எந்திரிங்க! உக்காந்தே வேரு விட்டுடாதீங்க!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. மிஷின் உறுமியது. தெரு முழுக்க ஒரே ஓட்டம். விழிதியூர்ச் சித்தாள் என்னைக் கடந்து போகும்போது, "கோடு நேரா வந்துச்சாங்க?" என்று கேட்டார். வந்துச்சு என்றேன். "பின்ன? நாங்க மூச்சே விடலியே!" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

வீட்டுக்காரரின் மனைவி இரண்டு பொட்டலம் பிரியாணியை என் கையில் திணித்தார். "நீங்களும் அந்தப் புள்ளையும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்றார். பிரியாணிச் சட்டியைத் தரையில் இழுக்கக் கூடாது என்று நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் பரிமாறினார்களாம். லாரிக்காரர், "ஏன் பாய், தெருவே கப்சிப்னு இருக்கு? சாவு வீடா, யாராவது மவுத்தாயிட்டாங்களா?" என்று கேட்டாராம். "இல்லப்பா. உள்ள ஒரு டீச்சர் பரீட்சை எழுதுறாங்க" என்று வீட்டுக்காரர் சொல்லித்தான் லாரியை நிறுத்தி வைத்தாராம். சொல்லிவிட்டு அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அன்றைக்கு மழை பெய்யவில்லை. நாலு மணிக்குப் பொறியாளர் வந்து கருவியைக் கழற்றினார். நான் கீறிய வரிகளை வேறு ஊரில், கூர்மையான சாதாரண ஊசி போட்டு அளந்து பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தன. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைத் திருத்தி அனுப்பினேன். வாய்மொழித் தேர்வில் அந்தத் தேர்வாளர், "அந்தப் பழைய கட்டடத்தில் இவ்வளவு அதிர்வில்லாமல் எப்படி முடிந்தது?" என்று கேட்டார். "பக்கத்து வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் சார்" என்றேன். அறையே சிரித்தது. பட்டம் கிடைத்துவிட்டது.

அடுத்த லீவில் வீட்டுக்காரர் வந்தபோது, வீடு குடி போகிறோம் என்று எனக்கும் மண்டபத்தூர்ப் பெண்ணுக்கும் சொல்லி அனுப்பினார். போனோம். கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். பழக்கதோஷம், என் கண் மேலே போனது. விட்டத்தில், ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்த இடத்தில், சுவரிலிருந்து சுவர் வரை மெல்லிசாக ஒரு கோடு ஓடியது. வெள்ளை அடித்திருந்தும் தெரிந்தது.

"அது என்னங்க கோடு?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த அம்மாள், "அதுவா? அது ஒண்ணுமில்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தார். அவர் சிரித்தார்.

"அது நீங்க ஊசி வச்ச நேரம்" என்றார்.

மேஸ்திரி சொன்ன முக்கால் மணிக்கு மேல் ஆனதில் விளிம்பில் இருந்த கான்கிரீட் இறுகத் தொடங்கியிருக்கிறது. டீச்சர் வந்து சொல்லாமல் மிஷினைப் போடக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். பிறகு மேஸ்திரி அந்த விளிம்பைச் சாய்வாகச் செதுக்கி, சிமெண்டுப் பால் ஊற்றி, அதோடு சேர்த்துப் போட்டிருக்கிறார். பழைய கான்கிரீட்டும் புதியதும் சேர்ந்த இடம்தான் அந்தக் கோடு.

"பயப்படாதீங்க. ஐப்பசி மழை பாத்தாச்சு, ஒரு சொட்டு இறங்கலை. மேஸ்திரி ஒரு தடவைக்கு மூணு தடவை வந்து பாத்துட்டுப் போயிட்டார்" என்றார்.

"ஏங்க, ஒரு ஆளை அனுப்பி நேரமாச்சுன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா உங்களுக்குக் கை நடுங்கியிருக்குமே டீச்சர்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மண்டபத்தூர்ப் பெண், எப்போதும் ஏதாவது குத்தலாகச் சொல்கிறவள், அன்றைக்கு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாப்பாடு வந்தது.

நான் கீறிய வரிகள் ஒரு சின்னப் பெட்டிக்குள் என் மேசையில் இருக்கின்றன. கருவி இல்லாமல் அவற்றை யாராலும் பார்க்க முடியாது. அந்த வீட்டுக்காரர்களோ, தங்கள் கூடத்தில் படுத்து அண்ணாந்தால் எனக்காக விட்ட கோட்டைத் தினமும் பார்க்கிறார்கள். என் வேலை ஏதாவது ஒன்று தடங்கலே இல்லாமல் சுலபமாக முடிந்துவிட்டால், நான் அறியாத யாரோ ஒருவர் தன் வேலையை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருப்பாரோ என்று இப்போதெல்லாம் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கிறேன்.